நீராவி கெட்டிலுக்கு சேஃப்டி வால்வு: எந்தக் கணக்கை நம்புவது?

ட்யூபுக்குள் தெர்மிக் ஆயில் (வெப்பத்தைச் சுமந்து வரும் எண்ணெய்), அதைச் சுற்றியுள்ள கலனான ஷெல்லில் தண்ணீர் என்று ஓடி நீராவி தரும் ஒரு கெட்டில் வகை ஹீட் எக்ஸ்சேஞ்சரை எடுத்துக்கொள்வோம். டியூட்டி, அதாவது ஆயில் தண்ணீருக்குத் தரும் வெப்பம், 2,000 கிலோவாட். ஆயில் 250 டிகிரியில் நுழைந்து 210-ல் வெளியேறுகிறது. ஃபீட் வாட்டர் 105 டிகிரி, நீராவி 7 பார் (அழுத்தங்கள் எல்லாம் கேஜ் அளவு, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்). அழுத்தம் மீறினால் நீராவியை வெளியே விடும் சேஃப்டி வால்வு 10 பாரில் திறக்கும் (இதுதான் செட் பிரஷர்). திறந்த பிறகு அழுத்தம் ஏற அனுமதிக்கப்பட்ட 10 சதவீதத்தைச் சேர்த்தால் 11 பார். நீராவி லைன் மூடிக்கொண்டது, ஆயில் மட்டும் ஓடுகிறது. வால்வு மணிக்கு எத்தனை கிலோ தள்ள வேண்டும்?

முதல் வழி, நேம் பிளேட்டில் உள்ள நீராவி அளவையே எடுப்பது. சுமார் 3,090 கிலோ. தேவையான துளை 503 சதுர மில்லிமீட்டர். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) துளை அளவுப் பட்டியலில் எச் என்ற ஆரிஃபிஸ் (துளை) 506. மயிரிழையில் பொருந்திவிடும். இது தவறு. அந்த 3,090-ல் ஃபீட் வாட்டரைச் சூடாக்கும் வெப்பமும் கழிந்திருக்கிறது. ஃபீட் நின்றுபோனால் அந்த வெப்பமும் ஷெல்லில் ஏற்கெனவே கொதிக்கும் தண்ணீரைத்தான் ஆவியாக்கும்.

இரண்டாவது, டியூட்டியை மறைவெப்பத்தால் வகுப்பது. 11 பாரில் மறைவெப்பம் கிலோவுக்கு 1,986 கிலோஜூல். விடை 3,625 கிலோ, 590 சதுர மில்லிமீட்டர். எச் போதாது, அடுத்த அளவான ஜே (830) வேண்டும். இரண்டே வரிக் கணக்கு, பல நேரம் போதும்.

மூன்றாவது வழியில்தான் விஷயமே இருக்கிறது. 11 பாரில் தண்ணீர் கொதிப்பது, 7 பாரில் போல 170-ல் அல்ல, 188 டிகிரியில். ஆயிலுக்கும் தண்ணீருக்கும் இடைவெளி குறைவதால் வெப்பமும் குறையும். மறுபடி கணக்கிட்டால் 1,560 கிலோவாட், சுமார் 2,825 கிலோ. எச் தாராளமாகப் போதும்! இயற்பியலும் சரிதான். ஆனால் இங்கே எடுத்த யூஏ (ட்யூபுகளின் வெப்பம் கடத்தும் திறனையும் பரப்பையும் பெருக்கிய எண்), ட்யூபில் படியும் அழுக்குக்கு இடம் விட்டுப் போட்டது. புதிய ட்யூபும் கழுவிய ட்யூபும் அதைவிட அதிக வெப்பம் தரும். சுத்தமான யூஏ 40 சதவீதம் கூடுதல் என்றால் 3,500 கிலோ, 570 சதுர மில்லிமீட்டர். மறுபடி ஜே. அப்புறம் ஆயில் கன்ட்ரோல் வால்வு முழுதாகத் திறந்தபடி சிக்கி, ஓட்டம் 20 சதவீதம் கூடினால்? யூஏ மாறவே இல்லை என்று வைத்தாலும் 3,750 கிலோ. இரண்டாவது வழியையும் தாண்டிவிட்டது.

அதனால் நான் மூன்றாவது வழியைத்தான் சொல்வேன், ஆனால் சுத்தமான ட்யூப், முழுதாகத் திறந்த வால்வு என்ற நிலையில். அழுக்கு யூஏவை வைத்து வால்வின் அளவைக் குறைப்பவரிடம் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மன்றாடுவேன்.

தீ விபத்துக் கணக்கு இங்கே சிறியது. உள்ளே தண்ணீர் நனைக்கும் பரப்பு 15 சதுர மீட்டர், வடிகாலும் தீயணைப்பு வசதியும் போதுமானவை என்றால் ஏபிஐ 521 சூத்திரப்படி 400 கிலோவாட்டுக்குள். இந்த ஷெல் வால்வுக்காக ட்யூப் உடைவைப் பார்க்க வேண்டியது ஆயில் அழுத்தம் ஷெல்லைவிட அதிகமாக இருந்தால்தான். இந்தியாவில் 25 லிட்டருக்கு மேற்பட்ட இத்தகைய கலன் பாய்லர் சட்டத்துக்குள் வருகிறதா என்பதையும் முதலிலேயே பாருங்கள். வந்தால் அந்த 10 சதவீதமே மாறக்கூடும்.

சரி, ஜே என்று முடிவானால் இன்லெட் பைப்பை மறக்க வேண்டாம். அதில் அழுத்த இழப்பு செட் பிரஷரில் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதையும் 3,750 கிலோவுக்கு அல்ல, ஜே முழுதாகத் திறந்தால் தள்ளும் சுமார் 5,100 கிலோவுக்குக் கணக்கிட வேண்டும்.