என்ஜின்எக்ஸ் லிமிட்-ரெக்: நாள்பட ஓட்டினால் தெரிய வருபவை

என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் ஒருவர் எவ்வளவு வேகத்தில் கோரிக்கை அனுப்பலாம் என்று வரம்பிடும் அமைப்புதான் லிமிட்-ரெக். அதைப் போட்ட புதிதில் இரண்டில் ஒன்று நடக்கும்: யாருமே தடுக்கப்பட மாட்டார்கள், இல்லையென்றால் நல்ல பயனர்களே வெளியே நிற்பார்கள். உடனே எல்லோரும் வேக எண்ணைத்தான் மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு அநேகமாக பர்ஸ்ட்டிலோ (வேக வரம்பைத் தாண்டி வருவதில் எத்தனையை ஏற்பது என்ற எண்), யாரை வைத்து எண்ணுகிறோம் என்ற சாவியிலோ இருக்கும்.

விநாடிக்கு 10 என்று எழுதினால், அது 100 மில்லிவிநாடிக்கு ஒன்று என்றுதான் அமலாகும். பர்ஸ்ட் கொடுக்காவிட்டால், பக்கம் திறந்ததும் பிரவுசர் ஒருசேரக் கேட்கும் ஸ்கிரிப்ட், படங்களில் முதலாவது மட்டும் தப்பும், மற்றதெல்லாம் 503 (சேவை இல்லை) பிழை. பர்ஸ்ட் 20 மட்டும் கொடுத்தால் கோரிக்கைகள் வரிசையில் நின்று, கடைசியில் இருப்பது 2 விநாடி காத்துக்கிடக்கும். 'சைட் மெதுவாகிவிட்டது' என்ற புகார் இங்கிருந்து கிளம்புவதுதான். கூடவே 'நோடிலே' (காக்க வைக்காதே) சேர்த்தால் 20-ம் உடனே போய்விடும். காலி இடம் மட்டும் 100 மில்லிவிநாடிக்கு ஒன்றாகத் திரும்பும். சாதாரணப் பக்கங்களுக்கு இதுவே போதும். லாகினுக்குத் தனி ஸோன் (எண்ணிக்கையை வைத்திருக்கும் நினைவகப் பகுதி), நிமிடத்துக்கு 5, சின்ன பர்ஸ்ட். ஆனால் லொக்கேஷனுக்குள் (குறிப்பிட்ட முகவரிப் பாதைக்கான அமைப்பு) ஒரு லிமிட்-ரெக் எழுதினால் மேலே சர்வர் மட்டத்தில் எழுதியது அங்கே செல்லாது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் அங்கேயே எழுத வேண்டும்.

சாவி விஷயம் இன்னும் சிக்கல். முன்னால் சுமையைப் பிரிக்கும் லோட் பேலன்சரோ, பக்கங்களை இடையில் நின்று வழங்கும் சிடிஎன்னோ இருந்தால், எல்லாக் கோரிக்கையும் அதன் ஐபியிலிருந்தே வந்ததாகத் தெரியும். ஊரே ஒரே வாளியில் விழும். பயனரின் உண்மையான ஐபியை எடுத்துத் தரும் ரியல்-ஐபி மாட்யூல் வேண்டும். நம்பும் ப்ராக்ஸி முகவரிகளை மட்டும் அதில் பட்டியலிடுங்கள். எல்லா முகவரியையும் நம்பச் சொன்னால், பயனரின் ஐபியைச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் தலைப்பில் பொய் ஐபி எழுதி எவரும் தப்பிக்கலாம். ஐபிவி6-இல் ஒருவர் கையிலேயே முழு /64 (முதல் 64 பிட் ஒன்றாக உள்ள முகவரிக் கூட்டம்) இருக்கும், அதனால் மேப் (ஒரு மதிப்பை இன்னொன்றாக மாற்றும் அமைப்பு) வைத்து முதல் 64 பிட்டைச் சாவியாக்குவது நல்லது. மொபைல் நெட்வொர்க்கில் நிலைமை தலைகீழ்: ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கானோர் இருக்கலாம். லாகின் ஆனவர்களை ஐபியால் எண்ணாமல் கணக்கு அடையாளத்தால் எண்ணுங்கள். கண்காணிப்பு ரோபோக்களுக்கு மேப்பில் வெற்றுச் சாவி கொடுத்தால் எண்ணிக்கையிலேயே வராது.

64 பிட் கணினியில் ஸோனில் ஒரு சாவிக்கான பதிவு 128 பைட், ஆக 1 எம்பிக்கு சுமார் 8,000. 10 எம்பி ஸோன் பெரும்பாலான தளங்களுக்குத் தாங்கும். ஸோன் ஒரு கணினிக்குள் மட்டுமே. நான்கு சர்வரில் சுமை பிரிந்தால் நிஜ வரம்பு நான்கு மடங்கு.

என்ஜின்எக்ஸ் 1.17.1 முதல் ட்ரை-ரன் (தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் ஒத்திகை) உண்டு. ஒரு வாரமாவது அதில் ஓட்டி, எரர் லாக்கில் யார் யார் அகப்படுகிறார்கள் என்று பார்த்த பிறகு தடையைப் போடுங்கள். தடுக்கும்போது திரும்பும் ஸ்டேட்டஸை 429 (மிக அதிகக் கோரிக்கைகள்) ஆக்கிவிடுங்கள். 503 என்றால் சர்வரே விழுந்ததாகக் கண்காணிப்புக் கருவி கூச்சல் போடும். இணைப்பையே நிரப்பும் வெள்ளத்துக்கு இது மருந்தல்ல, அதை மேலேயுள்ள நெட்வொர்க்கில்தான் நிறுத்த முடியும்.

ஓடிக்கொண்டிருக்கும் ஸோனின் சாவியை மாற்றி ரீலோட் செய்தால் என்ஜின்எக்ஸ் ஏற்காது, பழைய அமைப்பிலேயே ஓடும். ஸோனுக்குப் புதுப் பெயர் வைத்தால் தீர்ந்தது.