தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு ஸ்குவாஷ் கோர்ட்டைத் தேடி

பொங்கலுக்கு மூன்று வாரம் லீவு போட்டு மலேசியாவின் பினாங்கிலிருந்து சென்னைக்கு வந்தேன். பெட்டியில் அக்காவுக்கு மைலோ டின், அக்கா மகனுக்கு ஒரு ஜோடி ஷூ, எனக்கு ஸ்குவாஷ் ராக்கெட். நாலு சுவருக்குள் இரண்டு பேர் மாறி மாறிச் சுவரில் பந்தடிக்கிற ஆட்டம். நாற்பது வயதில் ரத்த அழுத்தம் எட்டிப் பார்த்தபோது தொடங்கினேன். ஏழு வருஷமாக வாரம் இரண்டு நாள் ஆடுகிறேன். மூன்று வாரம் சும்மா இருக்க உடம்பு ஒத்துக்கொள்ளாது.

ஊரில் இந்த முறை கோர்ட்டுக்குப் பஞ்சம் இருக்காது என்று நம்பித்தான் வந்தேன். 2025 டிசம்பரில் எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலுக்குள் கண்ணாடிக் கோர்ட் போட்டு ஸ்குவாஷ் உலகக் கோப்பை நடத்தினார்கள். இறுதி ஆட்டத்தில் ஹாங்காங்கை 3-0 என்று வென்று இந்தியா முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. ஜோஷ்னா சின்னப்பா, அபய் சிங், வேலவன் செந்தில்குமார் என்று அந்த அணியில் நம் ஊர்ப் பிள்ளைகளே அதிகம். பினாங்கில் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் ஸ்குவாஷ் வருகிறது.

ஆனால் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டைச் சுற்றி நடந்து போகிற தூரத்தில் ஒரு கோர்ட் கூடக் கிடைக்கவில்லை. நான் தேடியது பயிற்சி மையத்தை இல்லை. வேலை முடிந்து வந்து, ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டி, ஆடிவிட்டுப் போகிற இடத்தை. பினாங்கில் அப்படி ஓர் இடத்தில் மணிக்கு 12 ரிங்கிட் கட்டுகிறேன், நம் பணத்தில் 260 ரூபாய் அளவில். இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 130. எட்டு முறை உலகப் பட்டம் வென்ற நிக்கோல் டேவிட் பிறந்த ஊர் அது. அங்கே கடைநிலை ஊழியரும் ஆடுகிறார், ஃபேக்டரி மேனேஜரும் ஆடுகிறார்.

இரண்டு நாள் போனிலேயே போனது. ஒரு கிளப்பில் உறுப்பினர் யாராவது கூட்டி வந்தால்தான் உள்ளே விடுவார்கள். இன்னோர் இடத்தில் மாலை முழுக்கக் குழந்தைகளுக்குக் கோச்சிங், பெரியவர்களுக்கு மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை. வேலைக்குப் போகிறவன் அந்த நேரத்தில் எப்படிப் போவான்?

கடைசியில் கிண்டி தாண்டி ஒரு தனியார் இடத்தில் மாலை ஏழு மணிக்கு ஸ்லாட் கிடைத்தது. அக்கா மகனைக் கூட்டிக்கொண்டேன். அவன் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறான், மாதம் 24,000 சம்பளம். ஃபுட்பால் ஆடி வளர்ந்த கால்.

அன்றைய செலவை எழுதி வைத்திருக்கிறேன். கோர்ட் 600. அவனுக்கு ராக்கெட் வாடகை 100. பந்து 350. மெட்ரோவும் அங்கிருந்து ஆட்டோவும் போக வர இரண்டு பேருக்கும் 400. மொத்தம் 1,450 ரூபாய், ஒரு மணி நேர ஆட்டத்துக்கு. ஐந்து மணிக்குக் கிளம்பியவர்கள் வீடு திரும்பும்போது ஒன்பதரை.

"மாமா, இந்தக் காசுக்கு எங்க டீமுக்கே ஒரு ஃபுட்பால் வாங்கிட்லாம்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. பந்தையும் வாடகை ராக்கெட்டையும் விட்டுவிட்டால்கூட வாரம் இரண்டு நாளுக்கு அவன் பங்கு மாதம் 4,000 ஆகும். சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு.

அந்த இடத்து ஆட்களைக் குறை சொல்ல மாட்டேன். தரை சுத்தம், விளக்கு நன்றாக இருந்தது, ஷூவின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்து, தரையில் கறை விடாத சோல்தானா என்று உறுதி செய்துகொண்டுதான் உள்ளே விட்டார்கள். ஸ்குவாஷ் கோர்ட் நடத்துவது செலவு பிடித்த விஷயம். 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம், அதாவது 62 சதுர மீட்டருக்கு மேல் இரண்டே பேருக்கு. ஷட்டில் டபுள்ஸ் கோர்ட் 82 சதுர மீட்டர் அளவில் வரும், அதில் நாலு பேர் ஆடலாம். ஸ்குவாஷ் கோர்ட்டுக்கு மரத்தரை வேறு, நாலு பக்கமும் சுவர். வாடகை எங்கிருந்து ஏறுகிறது என்பது இதிலேயே தெரிகிறது.

நான் நினைக்காத உதவி பெரம்பூர் பக்கத்திலிருந்து வந்தது. கூடப் படித்தவன் ஒருவன் அங்கே அடுக்குமாடியில் இருக்கிறான். "எங்க பிளாக்குக்குக் கீழ ஒரு கோர்ட் இருக்குடா, யாரும் தொறக்கறதே இல்ல" என்றான். போய்ப் பார்த்தால் உள்ளே பழைய சைக்கிள்கள், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், கொலு படிகள். நாலு விளக்கில் ஒன்று எரிந்தது. பின் மூலையில் ஈரம் ஏறி மரப்பலகை இரண்டு விரல் அளவுக்கு எழும்பி நின்றது. முன் சுவரின் அடியில் 48 சென்டிமீட்டர் உயரத்துக்கு இருக்க வேண்டிய தகரத்தைக் காணோம், அந்த இடத்தில் பிளைவுட் அடித்திருந்தார்கள். தகரத்தில் பந்து பட்டால் கணீரென்று கேட்கும், ஆட்டக்காரர்கள் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பாயிண்ட் போனதென்று நிறுத்துவார்கள். பிளைவுட்டில் 'டொக்' என்று ஒரு மந்தச் சத்தம்தான் வந்தது.

சங்கத்துச் செயலாளர் பெரிய மனசு பண்ணினார். விருந்தினருக்கு ஆளுக்கு 100 ரூபாய், நண்பன் கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் சாமான்களை வெளியே எடுத்து வைத்தோம், பெருக்கித் துடைத்தோம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு விளக்கு மாற்றினோம். எழும்பிய பலகையைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கே பந்து போனால் மறுபடி சர்வ் என்று முடிவு செய்துகொண்டோம். அக்கா மகன் பைக்கில் இருபது நிமிஷத்தில் வந்துவிடுகிறான். ஆளுக்கு 100 ரூபாயும் பெட்ரோலும்தான் செலவு. கிண்டிக்குப் போய் ஆடியதைவிட எனக்கு அந்தக் காலை நிறைவாக இருந்தது.

புதிதாக ஆட வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பந்து வாங்கும்போது புள்ளியைப் பாருங்கள். இரட்டை மஞ்சள் புள்ளி வைத்தது மிகக் குறைவாகத் துள்ளும், பந்து சூடானால்தான் எழும்பும். குளிர் நாடுகளில் புதிதாகக் கற்பவர் அதில் தவித்துப்போவார். நம் வெயிலில், ஏசி இல்லாத கோர்ட்டில், ஐந்து நிமிஷம் அடித்தாலே அது சூடாகிவிடும். கடைக்காரர் கற்றுக்கொள்கிறவர்களுக்கென்று நன்றாகத் துள்ளும் வகையைக் கொடுத்தால் எங்கள் ஊர் மே மாதத்தில் அது அளவுக்கு மீறித் துள்ளிப் பிடிபடாது. இன்னொன்று, கண்ணைக் காக்கப் போடும் கண்ணாடியில் மிச்சம் பிடிக்காதீர்கள். பந்து 40 மில்லிமீட்டர்தான், கண் குழிக்குள் அப்படியே உட்காரும். பாலிகார்பனேட் கண்ணாடி 1,200 ரூபாய்க்கு வாங்கி அக்கா மகனுக்குக் கொடுத்தேன். ராக்கெட் பழசாக இருந்தாலும் பரவாயில்லை.

இரண்டாம் வாரம் என் ராக்கெட்டின் நரம்பு அறுந்தது. பெரியமேட்டில் விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அதில் ஒரு சின்னக் கடையில் நரம்பு மாற்றும் பெரியவர் உட்கார்ந்திருந்தார். 'கட் போடுவது' என்பது அங்கே பேச்சு. ராக்கெட்டை வாங்கியதும் சட்டத்தைச் சுற்றி நகத்தால் தடவிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்க வாசர் போயிருக்கு சார், இத மாத்தாம கட் போட்டா திரும்ப இங்கயே அறுக்கும்" என்றார். நரம்பு சட்டத்தில் உரசாமல் ஓட்டைக்குள் வைக்கும் பிளாஸ்டிக் வாசர் ஒன்றைச் சூடு காட்டி நுழைத்தார். 26 பவுண்டு இறுக்கத்துக்கு இழுத்து, ஒவ்வோர் இழைக்கும் ஊசியால் இடம் ஒதுக்கிக் குறுக்கு நரம்பைப் பின்னினார். நாற்பது நிமிஷம் கை நிற்கவே இல்லை. 450 ரூபாய். வாசருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். பினாங்கில் இதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் வரச் சொல்வார்கள்.

வடசென்னைக்கு விளையாட்டுப் புதிதில்லை. குத்துச்சண்டையும் ஃபுட்பாலும் தெருவிலேயே வளர்ந்தவை. ஆட்டோ ஓட்டுபவரின் மகளான காசிமா 2024இல் அமெரிக்கா போய் உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். அதே வருஷம் அக்டோபரில் மாநகராட்சியின் செயற்கைப் புல் ஃபுட்பால் திடல்களைத் தனியாரிடம் கொடுத்து, மணிக்கு 120 ரூபாய் கட்டணம் வைக்கத் தீர்மானம் போட்டபோது எதிர்ப்பு கிளம்பி, அதைத் திரும்பப் பெற்றார்கள். 120 ரூபாயே பாரம் என்று சொல்கிற ஊரில் 600 ரூபாய்க் கோர்ட்டுக்கு யார் போவார்? மாநகராட்சி விளையாட்டுத் திடல் ஒன்றில் இரண்டு ஸ்குவாஷ் கோர்ட் கட்டி, காலை ஆறு மணியிலிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். தண்டையார்பேட்டையோ திருவொற்றியூரோ, மெட்ரோ ஸ்டேஷன் பக்கமாக இருந்தால் போதும். இதை எங்கள் வார்டு கவுன்சிலருக்கு மனுவாக எழுதி அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ராக்கெட்டை அக்கா மகனிடமே விட்டுவிட்டேன். நேற்று போன் பண்ணினான். யார்டில் கூட வேலை பார்க்கிற ஒருத்தன் ஆட வருகிறானாம், ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கோர்ட் சொல்லி வைத்திருக்கிறார்கள். பிளைவுட்டை எடுத்துவிட்டுத் தகரம் அடிக்க மூலக்கொத்தளத்தில் விலை கேட்டிருக்கிறான்.