மூளை ஆபரேஷனுக்கு 3டி மாடல்: ஒரு கேஸில் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

மூளை ரத்தக்குழாயில் புடைக்கும் அனியூரிசத்துக்கு, அதன் கழுத்தை (குழாயோடு சேரும் இடத்தை) இறுக்கி மூடும் சிறு உலோகக் கிளிப் போடுவது என் வேலை. போன மாதம் சிகிச்சைக்கு வந்த ஒரு அம்மாவுக்கு, நடுப் பெருமூளைத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் 7 மி.மீ. புடைப்பு. வெடிக்கவில்லை, அதனால் அவகாசம் இருந்தது. ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ ஸ்கேன் படங்களை, பெயர் இல்லாமல், 3டி பிரிண்ட் செய்து தரும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினேன்.

நான்காம் நாள் பெட்டி வந்தது. மண்டையோட்டின் அடிப்பகுதி வெள்ளை ரெசினில், குழாய்கள் சிவப்பில், நிஜ அளவிலேயே. திரையில் எத்தனையோ தடவை சுழற்றிப் பார்த்த படம்தான். ஆனால் மாடலை ஆபரேஷனில் தலை இருக்கும் சாய்வில் பிடித்தபோதுதான், புடைப்பின் கழுத்து ஒரு கிளைக்குப் பின்னால் ஒளிந்திருப்பது தெரிந்தது. ரெசின் கெட்டியானது, கிளிப்பை மூடிப் பார்க்க வழியில்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: நேர் கிளிப் அந்தக் கிளையில் இடித்தது, வளைந்தது இடிக்கவில்லை. தியேட்டரிலும் வளைந்ததைத்தான் போட்டேன்.

ஆனால் இப்படிப் பிடித்துப் பார்த்தது இரண்டாவது மாடல். நான்காம் நாள் முதலில் வந்ததை ஸ்கேனோடு வைத்துப் பார்த்தால் ஒரு சிறு கிளையைக் காணோம்! பரப்பை வழவழப்பாக்கும்போது மென்பொருள் அதை விழுங்கியிருக்கிறது. காசு வாங்காமல் மறுபடி செய்து தந்தார்கள், சரி. ஆனால் கவனிக்காமல் விட்டிருந்தால்? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. இப்போது 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளில் குழாய்களை நானே பிரித்தெடுத்து, அச்சடிக்க மட்டும் அனுப்புகிறேன். பழகும்வரை ஒரு மாலைப்பொழுதே போய்விடும், பரவாயில்லை.

முடி போன்ற நுண்குழாய்கள் ஸ்கேனிலேயே விழாது, மாடலிலும் வராது. அதற்கு மைக்ரோஸ்கோப்தான். வெடித்து வரும் கேஸுக்கு நான்கு நாள் காத்திருக்கவும் முடியாது. சிக்கலான, அவசரமில்லாத கேஸ் என்றால் தயங்காமல் செய்யச் சொல்வேன்.

அந்த அம்மாவின் கணவரிடமும் மாடலைக் கொடுத்தேன். “இந்தப் பட்டாணி அளவுதானா டாக்டர்?” என்று புடைப்பை ஆள்காட்டி விரலால் தடவினார். ஒரு வாரமாகக் கேட்காத கேள்விகளையெல்லாம் அப்புறம்தான் கேட்டார். கையெழுத்துப் போடும் முன் மாடலை இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தார்.