மசில் கார் விலையை ஊகிப்பவர்கள் குதிரைத்திறனை விட்டுவிட்டு ஆப்ஷன் பட்டியலைப் பாருங்கள்

புது மசில் கார் (பெரிய இன்ஜின் வைத்த அமெரிக்க வேகக் கார்) ஒன்று வரப்போகிறது என்றாலே விலைச் சண்டை ஆரம்பித்துவிடும். இத்தனை குதிரைத்திறன் என்றால் இத்தனை ஆயிரம் டாலர் என்று ஆளுக்கொரு கணக்கு. அந்தக் கணக்கை நம்பாதீர்கள். 2020 ஃபோர்டு மஸ்டாங் ஷெல்பி ஜிடி500-ஐயே எடுத்துக்கொள்வோம்: 2019 ஜனவரியில் டெட்ராய்ட் ஷோவில் காரைக் காட்டினார்கள், விலையைச் சொல்லவில்லை, சக்தி 700-க்கு மேல் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அப்போது ஊகிக்கக் கையில் இருந்தது போட்டி கார்களின் விலைதான். 707 குதிரைத்திறன் உள்ள டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் 2015-ல் 60 ஆயிரம் டாலரை ஒட்டி வந்தது. செவர்லே கமாரோ இசட்எல்1 650 குதிரைத்திறனோடு 2017-ல் 62 ஆயிரம். மேலே, ரேஸ் பெட்ரோல் ஊற்றினால் 840 வரை போகும் 2018 டாட்ஜ் சேலஞ்சர் டீமன், ஏறக்குறைய 85 ஆயிரம். இதற்கு நடுவில்தானே விழ முடியும்? விழுந்தது. 5.2 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு வி8 இன்ஜின், 760 குதிரைத்திறன், தானே கியர் மாற்றும் ஏழு வேக டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ், ஆரம்ப விலை 73,995 டாலர். அந்தச் சக்திக்கு இது நியாயமான விலை என்றே சொல்வேன், மேனுவல் கியர் கிடையாது என்ற ஒரு கடுப்பைத் தவிர.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆப்ஷன்கள், அதாவது கூடுதல் காசு கொடுத்தால் சேர்த்துத் தருபவை, பாக்கி இருந்தன. கார்பன் ஃபைபர் டிராக் பேக்கேஜ் என்று ஒன்று, 18,500 டாலர்: கார்பன் சக்கரங்கள், மிஷலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 டயர், பின்னால் சரிசெய்துகொள்ளும் விங் (காரைத் தரையோடு அழுத்தும் இறக்கை), பின் சீட்டைக் கழற்றிவிட்டார்கள். டிராக்கில் ஓட்டுபவருக்குச் சரி, இதில் காசுக்கு வேலை இருக்கிறது. அடுத்ததுதான் தமாஷ். காரின் நடுவே நீளமாக ஓடும் பட்டைக் கோடுகள் ஸ்டிக்கராக வேண்டாம், பெயின்ட்டாகவே வேண்டும் என்றால் தனியாக 10,000 டாலர் கேட்டார்கள்! கோட்டுக்கு! டீமனில் டாட்ஜ் பக்கத்துச் சீட்டை 1 டாலருக்கும் பின் சீட்டை 1 டாலருக்கும் கொடுத்ததை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

அப்புறம் டீலர். 1958-ல் வந்த சட்டப்படி அமெரிக்காவில் புதுக் கார் ஜன்னலில் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் விலையை ஒட்டியாக வேண்டும், ஆனால் அது பரிந்துரைதான், அதற்கு மேல் விற்கத் தடையில்லை. அதனால்தான் பக்கத்திலேயே 'மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்' என்று, டீலர் தன் பங்குக்குக் கூட்டிக் கேட்கும் தொகையோடு இன்னொரு தாள் முளைக்கிறது. டீமன் வந்தபோது, பரிந்துரைத்த விலைக்குள் விற்ற ஆர்டர்களைத்தான் முதலில் தயாரித்துத் தருவோம் என்று டாட்ஜே சொல்ல வேண்டியிருந்தது. இதோடு, எரிபொருளைக் குடிக்கும் கார்களுக்கு 1978 சட்டத்தில் வந்த கேஸ் கஸ்லர் வரி 1,000 முதல் 7,700 டாலர் வரை. அறிவிக்கும் விலையில் இது சேர்ந்திருக்கிறதா என்பது அடிக்குறிப்பில்தான் இருக்கும், பாருங்கள்.

ஆக, அடுத்த காருக்கு என் முறை இதுதான்: போட்டி கார்கள் இரண்டின் விலைக்கு நடுவே ஆரம்ப விலையை வையுங்கள், அதில் கால் பங்கை ஆப்ஷனுக்குச் சேருங்கள். டீலர் தாளை ஊகிக்கவே முடியாது. முன்பணம் கொடுக்கும் முன், வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.