விஷ முறிவு: வாந்தியா, வயிறு கழுவலா, கரியா?

யாராவது விஷம் சாப்பிட்டுவிட்டார் என்றால் சுற்றி நிற்பவர்கள் முதலில் போடும் சத்தம், "வாந்தி எடுக்க வை!" என்னைக் கேட்டால், இருக்கிற வழிகளில் ஆக மோசமானது அதுதான். உப்புத் தண்ணீரை ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் எகிறி, அதுவே ஆளைக் கொல்லலாம். அமிலம் குடித்தவருக்கு, இறங்கும்போது வெந்த உணவுக்குழாய் ஏறும்போது இன்னொரு தடவை வேகும். மண்ணெண்ணெய் என்றால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு காலத்தில் வீட்டிலேயே வைத்திருக்கச் சொன்ன இபிகாக் வாந்தி மருந்தைக்கூட 2003-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

அடுத்தது ஸ்டொமக் வாஷ். தடித்த குழாயை விட்டு வயிற்றைக் கழுவுவதைப் பார்த்தால்தான் சொந்தக்காரர்களுக்கு 'வைத்தியம் நடக்கிறது' என்ற திருப்தியே வரும். ஆனால் விஷத்தில் ஒரு பகுதி அதற்குள் குடலுக்கு இறங்கியிருக்கும். கழுவும் தண்ணீரே மீதியையும் கீழே தள்ளக்கூடும். உணவுக்குழாய் கிழிகிற அபாயம் வேறு. அதனால் இன்று அரிதாகத்தான் செய்கிறார்கள்.

இவற்றோடு பார்த்தால் ஆக்டிவேட்டட் சார்கோல் எனும் மருத்துவக் கரி எவ்வளவோ தேவலாம். நுண்துளைகள் நிறைந்த இந்தத் தூளில் ஒரு கிராமுக்கே ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு உண்டு. விஷம் அதில் ஒட்டிக்கொண்டு, ரத்தத்தில் கலக்காமல் மலத்தோடு வெளியேறும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 50 கிராம். தண்ணீரில் கலக்கினால் மை போன்ற குழம்பு. வாயு தொல்லைக்கு விற்கும் கால் கிராம் கரி மாத்திரையில் இந்தக் கணக்கு வர 200 மாத்திரை வேண்டும். அடுப்புக்கரியை இடித்துக் கொடுப்பதோ வெறும் வேடிக்கை.

சரி, கரிதான் ஜெயித்ததா? அவ்வளவு சுலபமில்லை. இரும்புச்சத்து மாத்திரை, மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம், சாராய வகைகள், அமிலம், காரம் எதையும் அது பிடிக்காது. விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். ஆள் மயக்கத்தில் இருந்தால் மூச்சுக்குழாயைப் பாதுகாக்காமல் கொடுக்கவே கூடாது. கரி நுரையீரலுக்குள் போனால் அது தனி வினை.

இலங்கையில் நடந்த இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கரியின் எல்லை புரியும். மஞ்சள் அரளி விஷம் ஏறியவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கரி கொடுத்ததில், இறப்பு 8 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாகக் குறைந்ததாக 2003-இல் வெளியான ஆய்வு சொன்னது. குடலுக்குள் மீண்டும் சுரந்து வரும் விஷத்தையும் கரி மறித்துவிடும் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம். 2008-இல் வெளியான பெரிய ஆய்வில் பூச்சிமருந்து, அரளி என்று பலவகை விஷங்களோடு வந்த 4,600-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தார்கள். கரி கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் இறப்பில் வித்தியாசமே தெரியவில்லை. மணிக்கணக்கில் தாமதமாக வந்தவர்கள் அதில் நிறையப் பேர் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கரி கைவிடும் இடங்களில் நான்காவது வழி ஒன்று இருக்கிறது: பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பேதி மருந்துக் கரைசலை மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் வீதம் செலுத்திக் குடலையே அலசுவது. இரும்பு, லித்தியம், மெதுவாகக் கரையும் மாத்திரைகளுக்கு அதைத்தான் யோசிப்பார்கள். எந்த வழி என்பதை மருத்துவர் முடிவுசெய்ய, என்ன விழுங்கினார், எப்போது விழுங்கினார் என்ற இரண்டு பதில்கள் வேண்டும். அதனால் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது அந்தப் பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கையோடு எடுத்துப் போங்கள்.