டிக்கெட்டுக்கு வயது, ஏறுவதற்கு உயரம்: சிங்கப்பூர் சை-ஃபை சிட்டிக்கு ஒரு சென்னைக் குடும்பம்

நங்கநல்லூரில் எங்கள் வீட்டுப் பூஜை அறையின் கதவு நிலையில், பிள்ளைகள் இருவரின் உயரத்தையும் பென்சிலால் கோடு போட்டு வைப்பது என் மாமியாரின் வழக்கம். தலைமேல் பாம்புப் பஞ்சாங்கத்தைப் படுக்கையாக வைத்து, அதன் அடிவிளிம்பில் கோடு இழுத்து, பக்கத்தில் தேதியும் எழுதிவிடுவார். சிங்கப்பூரில் உள்ள யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதென்று முடிவானபோது, விமான டிக்கெட்டுக்கும் விடுதிக்கும் முன்னால் நாங்கள் பார்த்திருக்க வேண்டியது அந்தக் கோடுகளைத்தான். பணமெல்லாம் கட்டி முடித்த பிறகே பார்த்தோம். பதினோரு வயது மகள் 141 சென்டிமீட்டர், ஏழு வயது மகன் 119. அந்தப் பூங்காவின் அறிவியல் புனைகதைப் பகுதியான சை-ஃபை சிட்டியில் மகன் எதை நினைத்து மூன்று மாதம் தூங்காமல் இருந்தானோ, அதில் ஏறுவதற்கு வேண்டிய உயரம் 125.

எங்களுக்குப் பயணத்தை ஏற்பாடு செய்து கொடுத்த முகவர் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "சின்னப் பசங்களுக்கு டிக்கெட் கம்மி மேடம், எல்லாத்துலயும் ஏறலாம்" என்றார். முதல் பாதி சரி. நான்கு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ளவர்களுக்குச் சிறுவர் கட்டணம் உண்டு. ஆனால் டிக்கெட்டுக்கு வயது கணக்கு, ஏறுவதற்கு உயரம் கணக்கு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு போகும் குடும்பத்தில் ஒரு குழந்தை நிச்சயம் அழும்.

யுனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூர் 2010ஆம் ஆண்டு செந்தோசாத் தீவில் திறக்கப்பட்டது. நடுவில் ஒரு நீர்ப்பரப்பும், அதைச் சுற்றி வளையமாகப் பல பகுதிகளும் அமைந்திருக்கின்றன. ஹாலிவுட் என்ற பகுதிக்குள் நுழைந்து வலப்பக்கம் திரும்பி, நியூயார்க் என்ற பகுதியைத் தாண்டினால் வருவது சை-ஃபை சிட்டி. எஃகும் கண்ணாடியும் நீல விளக்குமாக, வருங்கால நகரம் ஒன்றின் கடைத்தெரு போல அதை வடிவமைத்திருக்கிறார்கள். பரப்பைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் நடந்து கடந்துவிடலாம். ஏறுவதற்கு உரியவை மூன்றுதான். ஆயினும் வளர்ந்த பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குப் பூங்காவின் கனமான பகுதி இதுவே என்பது என் மதிப்பீடு.

அந்த மூன்றில் முதலாவது, மனிதருக்கும் இயந்திரங்களுக்கும் நடக்கும் விண்வெளிப் போரைச் சொல்லும் தொலைக்காட்சித் தொடரின் பெயரிலான 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்னும் இரட்டை ரோலர் கோஸ்டர். சிவப்பு நிறத் தண்டவாளத்தில் ஓடுவது மனிதர்களின் ஊர்தி. அதில் வழக்கம்போல் உட்கார்ந்து போகலாம். நீல நிறத்தில் ஓடுவது சைலான் என்ற இயந்திரங்களின் ஊர்தி. அதில் தண்டவாளம் தலைக்கு மேலும், கால்கள் அந்தரத்திலும் இருக்கும். இது நம்மைப் பலமுறை தலைகீழாகக் கவிழ்க்கிறது. சிவப்பு கவிழ்ப்பதில்லை, வேகத்தால் மட்டுமே அச்சுறுத்துகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் புறப்பட்டு, மோதிக்கொள்ளப் போவதுபோல் நெருங்கி விலகுவதுதான் இதன் சிறப்பு. உச்சி 42.5 மீட்டர், அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளலாம். நீல ஊர்தியின் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர்.

என் கணவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். இதயநோய், உயர் இரத்த அழுத்தம், முதுகு அல்லது கழுத்து வலி உள்ளவர்களும் கருவுற்றிருப்போரும் ஏற வேண்டாம் என்று வாசலிலேயே எழுதி வைத்திருப்பதால், மகளுடன் ஏறும் பொறுப்பு எனக்கு வந்தது. கைப்பை, கைப்பேசி, சில்லறை என்று கையில் உள்ள எதையும் மேலே கொண்டுபோக முடியாது. அருகிலுள்ள பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு வர வேண்டும், அதன்பிறகு உலோகச் சோதனையும் உண்டு. மகளின் கொலுசைப் பார்த்து அந்தக் கருவி கீச்சிட்டது. ஊழியப் பெண் குனிந்து பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். நான் தாலிக்கொடியைச் சுடிதாருக்குள் ஆழமாகச் செருகி, அதன்மேல் துப்பட்டா இல்லாமல் நின்றேன். துப்பட்டாவைக் கீழே விட்டுவிட்டுப் போவது நல்லது என்பதை எந்த வழிகாட்டியிலும் நான் படித்ததில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். ஓட்டம் இரண்டு நிமிடம்கூட இல்லை. முதல் கவிழ்ப்பில் மகளின் செருப்பில்லாத கால்கள் வானத்துக்கு எதிரே தெரிந்ததும், அதற்குப் பின்னால் சிவப்பு ஊர்தி எங்களை நோக்கிச் சீறி வந்ததும் மட்டுமே எனக்கு நினைவிருக்கின்றன. இரண்டில் ஒன்றுக்குத்தான் துணிவு இருக்கிறது என்றால் சிவப்பில் ஏறுங்கள். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நீலத்தில் ஏறுங்கள்.

இந்த ரோலர் கோஸ்டர் தொடக்கத்திலிருந்தே இடைவிடாமல் ஓடிய ஒன்றல்ல. 2010 மார்ச்சில் ஓடத் தொடங்கிய சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டு, 2011 பிப்ரவரியில் மீண்டும் ஓடியது. 2013 ஜூலையில் மறுபடி மூடப்பட்டு, நால்வர் இருக்கைகளுக்குப் பதிலாக இருவர் இருக்கைகளுடன் 2015 மே மாதம் திரும்பியது. பராமரிப்புக்காக எந்தெந்த ஊர்திகள் என்றைக்கு ஓடாது என்பதைப் பூங்காவின் இணையதளத்தில் வெளியிடுகிறார்கள். தேதியிட்ட டிக்கெட்டை வாங்கும் முன்னால் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம்.

இரண்டாவது, இயந்திர மனிதர்களைப் பற்றிய ஹாலிவுட் படங்களின் பெயரிலான 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்'. 2011 டிசம்பரில் உலகிலேயே முதலாவதாக இங்கேதான் இது திறக்கப்பட்டது. அமெரிக்கப் பூங்காக்களில் இது வந்தது அதற்குப் பிறகுதான். இதற்கு 102 சென்டிமீட்டர் போதும். 122-க்குக் கீழே உள்ள பிள்ளைகளுடன் பெரியவர் ஒருவர் ஏற வேண்டும். ஆகவே எங்கள் மகனுக்கு இதுதான் அடைக்கலம். பன்னிரண்டு பேர் அமரும் வண்டி ஒன்று உண்மையாகவே இருட்டுக்குள் தடத்தில் ஓடுகிறது. ஓடும்போதே பக்கவாட்டில் சாய்கிறது, குலுங்குகிறது, பின்வாங்குகிறது. எதிரே வரும் பெரும் திரைகளில் முப்பரிமாணக் காட்சி வண்டியின் அசைவோடு இம்மியும் பிசகாமல் பொருந்துவதால், மாடியிலிருந்து விழுகிறோம் என்று உடம்பு நம்பிவிடுகிறது. உண்மையில் நாம் விழுவதில்லை என்பதை விளக்கினாலும் வயிறு கேட்பதில்லை. மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதன்மேலேயே முப்பரிமாணக் கண்ணாடியை மாட்டிக்கொள்ளலாம். என் கணவர் அப்படித்தான் பார்த்தார்.

ஓர் எச்சரிக்கை. கண் பார்ப்பதும் உட்காது உணர்வதும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டல் வருகிறது. கொடைக்கானல் மலைப்பாதையில் பாலித்தீன் பையைத் தேடும் பிள்ளை இதிலும் தேடும். அத்தகைய பிள்ளையைச் சாப்பிட்ட கையோடு ஏற்ற வேண்டாம். நடுவில் தாங்கவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றுவதைவிடக் கண்ணை மூடிக்கொள்வது மேல். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் காட்சி இரண்டிரண்டாகத் தெரிந்து தலைசுற்றல் கூடுகிறது.

மூன்றாவதான 'ஆக்சிலரேட்டர்' நம் ஊர்ப் பொருட்காட்சியில் சுழலும் கோப்பை ராட்டினத்தின் விண்வெளிப் பதிப்பு. வரிசை பெரிதாக இராது. பெரிதாகச் சொல்லவும் ஒன்றுமில்லை. சிறு பிள்ளைகளுக்கு விண்வெளி வேண்டுமென்றால், ஒரு பகுதி முன்னதாக நியூயார்க்கில் 'செசமி ஸ்ட்ரீட்' பொம்மைகளுடன் கட்டடத்துக்குள்ளேயே மெதுவாக மிதந்து போகும் ஊர்தி இருக்கிறது. என் மகன் அதில்தான் இரண்டு முறை போனான், ஏழு வயதுக்குரிய கௌரவம் கருதி அதை ஊரில் யாரிடமும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு.

ஒரு குழந்தை உயரம் போதாமல் நிற்கும் குடும்பம் அன்றைய பொழுதை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதுதான் திட்டத்தின் மையம். பெற்றோரில் ஒருவர் குழந்தையுடன் வெளியில் இருக்க, மற்றவர் ஏறி இறங்கியதும், முழு வரிசையிலும் மறுபடி நிற்காமல் ஆள்மாறி ஏறும் வசதி உண்டு. வரிசையில் நுழையும்போதே ஊழியரிடம் கேட்க வேண்டும். ஒருவர் மட்டும் ஏறுவதற்கெனத் தனி வரிசையும் சிலவற்றுக்கு இருக்கிறது. நாங்கள் செய்தது வேறு: நானும் மகளும் ரோலர் கோஸ்டரில் இருந்த நேரத்தில் கணவர் மகனை 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' வரிசைக்கு அழைத்துப் போய்விட்டார். தான் வெளியே நிறுத்தப்பட்டதாக மகன் உணரவேயில்லை. நால்வரும் எல்லாவற்றிலும் சேர்ந்தே ஏற வேண்டும் என்ற பிடிவாதத்தை வாசலிலேயே விட்டுவிடுவதால் எவ்வளவு நிம்மதி கிடைக்கிறது!

எந்த மாதத்தில் போவது என்பதில் சென்னைக் குடும்பங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் நீண்ட விடுமுறைகள் மே இறுதியில் தொடங்கி ஜூன் முழுவதும், பிறகு நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர்வரை. நம் கோடை விடுமுறையோ ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்கிவிடுகிறது. ஆகவே மே மூன்றாம் வாரத்துக்குள், பொது விடுமுறை இல்லாத ஒரு செவ்வாய் அல்லது புதனில் போனால் கூட்டம் கணிசமாகக் குறையும். வரிசையைத் தவிர்க்கத் தனியே விற்கப்படும் எக்ஸ்பிரஸ் சீட்டை அத்தகைய நாளில் வாங்குவது வீண் செலவு என்பேன். ஜூனிலும் டிசம்பரிலும் அதையே அவசியம் என்பேன்.

ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு: ஏப்ரல், மே மாதங்கள் சிங்கப்பூரில் இடியும் மின்னலும் மிகுந்தவை, அதுவும் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு. மின்னல் அபாயம் இருக்கும்போது வெளிப்புற ஊர்திகள் நிறுத்தப்படும். கட்டடத்துக்குள் ஓடுபவை ஓடும். ஆகையால் கதவு திறந்ததும் வழியில் எந்தப் படத்துக்கும் நிற்காமல் நேரே ரோலர் கோஸ்டருக்குப் போய்விட வேண்டும். 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' மழைக்காக ஒதுக்கி வைக்கத் தக்கது. எங்களுக்கு இரண்டு மணிக்கு வானம் இருண்டது, இரண்டரைக்குக் கொட்டியது, நான்கு மணிக்கு வெயில் அடித்தது. எனக்கும் மகளுக்கும் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் அமைந்தது. கொட்டும் மழையைப் பார்த்துக்கொண்டு அந்தச் சாரலில் நின்ற, எங்களுடன் வந்திருந்த மாமியார், மயிலாப்பூரில் இப்படிப் பெய்தால் முட்டளவுத் தண்ணீர் நிற்குமே என்று வடிகால்களைப் பாராட்டத் தொடங்கிவிட்டார்.

முகவரின் இன்னொரு யோசனையையும் நாங்கள் மறுத்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து சுமார் நான்கு மணி நேரப் பயணம். நள்ளிரவில் கிளம்பும் விமானம் விடியற்காலையில் இறங்குகிறது. அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். அதாவது, காலை ஆறரை என்று கடிகாரம் காட்டும்போது உடம்புக்கு அதிகாலை நான்கு மணி. "ஒரு நாள் மிச்சம்" என்று அதே நாளைப் பூங்காவுக்கு ஒதுக்கியிருந்தார். கெஞ்சி அதை மூன்றாம் நாளுக்கு மாற்றினோம், அதற்கும் தனியாகக் கட்டணம் வாங்கினார். விசாவைச் சிங்கப்பூர் அரசு ஏற்ற முகவர்கள் வழியாகப் பெறலாம். ஆனால் வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டிய வருகை அட்டை முற்றிலும் இலவசம், அதற்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

தங்குவதற்கு லிட்டில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தது மட்டும் முழுக்கச் சரியான முடிவு. சிராங்கூன் சாலையில் 1947 முதல் இருக்கும் கோமள விலாஸில் இட்லி சாப்பிட்டுவிட்டு, லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா வழித்தட ரயிலில் ஏறினால், எங்கும் மாறாமல் கடைசி நிலையமான ஹார்பர்ஃபிரண்ட்டில் இறங்கலாம். மேலே விவோசிட்டி அங்காடியிலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில். அதற்கு 4 வெள்ளி (அங்குள்ள தமிழர் டாலரை வெள்ளி என்றே சொல்கிறார்கள்); திரும்பி வருவதற்குக் கட்டணம் இல்லை. வெயில் தாழ்ந்த நேரத்தில் கடலோர நடைபாதை வழியாக நடந்தே போய்விடவும் முடியும். காலை உணவை வயிறாரச் சாப்பிட்டுப் போவதற்குக் காரணம் உண்டு: சை-ஃபை சிட்டியில் கிடைப்பது பர்கர் வகையறா. சோறு, ரொட்டி என்று தேடுபவர்கள் அடுத்த பகுதியான எகிப்தில் உள்ள ஒயாசிஸ் ஸ்பைஸ் கஃபேவுக்கு நடக்க வேண்டும்.

அறுபத்தாறு வயது மாமியார் எதிலும் ஏறவில்லை. ஆனால் அன்று அதிகம் சிரித்தவர் அவர்தான். 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' வாசலுக்கு அருகே, இரண்டு ஆள் உயரத்தில் உலோக உடையணிந்த பாத்திரங்கள் வந்து நின்று மக்களுடன் பேசுகின்றன. அந்த இரும்பு மனிதர் குனிந்து இவரிடம் இடிக்குரலில் ஆங்கிலத்தில் ஏதோ கேட்க, இவர் தமிழிலேயே பதில் சொன்னார். பிறகு என்னிடம், "வி.ஜி.பி. சிலை மனிதர் எவ்வளவு கூப்பிட்டாலும் அசைய மாட்டார், இவன் கூப்பிடாமலே பேசுறான்" என்றார். முதியோர்களை அழைத்துப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தாராளமாக. ஆனால் நிழலுள்ள இருக்கை ஒன்றை முதலில் பிடித்துக் கொடுத்துவிட்டு, அதையே அனைவரும் சந்திக்கும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பிள்ளைகளும் 125-ஐத் தாண்டிய குடும்பத்துக்கு இந்தப் பகுதி மட்டுமே அரை நாள் பெறும். கொடுத்த பணத்துக்குக் குறையில்லை. பிள்ளைகள் 102-க்குக் கீழே என்றால், இதற்காகவே சிங்கப்பூர் போக வேண்டாம். நாங்கள் இரண்டுக்கும் நடுவில் இருந்தோம், மகனின் உயரம் கூடிய பிறகு மறுபடி வருவதாக அவனுக்கு வாக்குக் கொடுத்துத்தான் வெளியே அழைத்து வர முடிந்தது. ஊர் திரும்பிய மறுநாள் காலை, பல்கூடத் துலக்காமல் அவன் கதவு நிலையில் போய் முதுகை ஒட்டி நின்றான். மாமியார் பஞ்சாங்கத்தைத் தலையில் வைத்து, குதிகால் தரையில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, கோடு போடாமல் பென்சிலைத் திரும்ப வைத்தார். 119-தான்.