சில்லாவா, கரிப்டிஸா?

பண்டைய கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிஸி காவியத்தில், நாயகன் ஒடிஸியஸின் கப்பல் இரண்டு பாறைகளுக்கு நடுவே போக வேண்டும். ஒரு பக்கம் குகையில் சில்லா என்ற அரக்கி: 12 கால், 6 நீண்ட கழுத்து, ஒவ்வொரு வாயிலும் மூன்று வரிசைப் பல். எதிரே கரிப்டிஸ், நாளுக்கு மூன்று முறை கடலை உறிஞ்சிக் கக்கும் சுழல்.

சில்லா பக்கம் போனால் 6 பேர் பலியாவார்கள், கரிப்டிஸ் பக்கம் போனால் கப்பலே மூழ்கிவிடும். அதனால் சில்லா பக்கம் ஒட்டிப் போ என்கிறாள் மந்திரக்காரி கிர்க்கி. கணக்கு சரிதான். ஆனாலும் எனக்குச் சில்லாதான் பயங்கரம். அவள் இருப்பதையே ஒடிஸியஸ் மாலுமிகளிடம் சொல்லவில்லை. சில்லா தூக்கிய 6 பேரும் அவன் பெயரைச் சொல்லித்தான் கதறினார்கள். கடலில் தான் கண்டதிலேயே கொடுமையான காட்சி அதுதான் என்கிறான்.

பிற்காலத்தார் இந்த இடத்தை இத்தாலிக்கும் சிசிலிக்கும் இடையிலுள்ள மெசினா நீரிணை என்றார்கள். அங்கே சுழல்கள் இன்றும் உண்டு.